வாடகை வீட்டுக்கு கன்ஃபார்மிங் லோன்: உங்களுக்கு எங்கே இடித்தது?

டெக்சஸ் தம்பி:
கன்ஃபார்மிங் லோனில், அதாவது வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே போன்ற அமெரிக்க நிறுவனங்களின் விதிக்கு ஒத்த கடனில், முதலீட்டு வீடு வாங்கியவர்களுக்கு இது புரியும். ஃபிரிஸ்கோவில் வாடகைக்கு விட ஒரு தனி வீடு. 15 சதவீத முன்பணம் போதும்தான், ஆனால் அதற்கு வட்டி கூடுதல், 25 போடலாம் என்று நினைத்தேன். பற்றாத பணத்தை அப்பா அனுப்பினார், திருவையாறு பக்கம் ஒரு துண்டு நிலம் விற்றது. கூடவே கிஃப்ட் லெட்டர். "மகன் திருப்பித் தர வேண்டியதில்லை" என்று ஆங்கிலத்தில் டைப் அடித்து, கீழே தமிழில் கையெழுத்து. அந்தக் காகிதமே ஆப்பு வைத்தது. முதலீட்டு வீட்டுக்கு கிஃப்ட் பணம் செல்லாது, பெற்ற அப்பா கொடுத்தாலும். லோன் ஆபீசர் இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

போனில் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏம்ப்பா, நான் என்ன திருட்டுப் பணமா அனுப்புனேன்?" என்றார். வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

மயாமி வெயில்:
எனக்கு காண்டோ, அடுக்குமாடி வீடு. கிரெடிட் ஸ்கோர், சம்பளம் எல்லாம் சரி, கட்டடம்தான் ஃபெயில். 2021 ஜூனில் மயாமி பக்கம் சர்ஃப்சைடில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்த பிறகு, ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) நிரப்பித் தரும் கேள்வித்தாளில் பழுது விவரங்களையும் துருவுகிறார்கள். அவசரப் பழுது பாக்கி உண்டா என்ற இடத்தில் 'ஆம்' என்று வந்தது. க்ளோசிங்குக்கு, அதாவது வீடு கைமாறும் நாளுக்கு, அப்போது மூன்று நாள்தான் இருந்தது. அன்று சாயங்காலம் போய் பார்க்கிங் தளத்தில் நின்றேன். ஒரு தூணுக்கு இரும்பு முட்டு கொடுத்திருந்தார்கள். வீடு பார்க்க வந்தபோது இரண்டு முறையும் அதை ஒட்டித்தான் கார் நிறுத்தினேன்!

சும்மா சொல்றேன்:
தம்பி, நீங்களே குடியிருக்கப் போவதாகப் போட்டிருந்தால் கிஃப்ட்டும் செல்லும், வட்டியும் குறையும். ஊரே அப்படித்தான் செய்கிறது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

எடிசன் அக்கா:
வந்து பார்ப்பார்கள். நாங்கள் நிஜமாகவே குடியிருந்த வீடு அது. லோன் முடிந்த இரண்டாம் மாதம் ஒருவர் கதவைத் தட்டி, என் பெயரைச் சொல்லி, இங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். மாமியார் ஒன்றும் புரியாமல் "நோ, நோ" என்று கதவைச் சாத்திவிட்டார். அப்புறம் கரண்ட் பில், லைசென்ஸ் எல்லாம் அனுப்பி நிரூபித்தோம்.

60 நாளுக்குள் குடியேறி ஒரு வருடம் இருப்பேன் என்று கையெழுத்துப் போடுகிறோம். பொய் எழுதினால் அது ஃபெடரல் குற்றம், 'ஊரே செய்கிறது' என்பதெல்லாம் அங்கே எடுபடாது. தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு முதல் நான்கு யூனிட் (தனித்தனிக் குடியிருப்பு) உள்ள வீடாகப் பார்த்து ஒன்றில் நீங்களே இருங்கள். 2023 நவம்பரிலிருந்து ஃபேனி மே அதற்கு 5 சதவீத முன்பணம் போதும் என்கிறது. அந்த 5 உங்கள் சொந்தப் பணமாக இருந்தால், மேலே போடுவதற்கு அப்பா பணம் செல்லும். மற்ற யூனிட் வாடகையில் 75 சதவீதத்தை வருமானமாகவும் எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு முதலீட்டு வீடுகளாகச் சேர்க்கும்போது, கணக்கில் காட்ட வேண்டிய கையிருப்பைப் பாருங்கள். வாங்கும் வீட்டுக்கு ஆறு மாதத் தவணை தனி. அது போக, மற்ற வீடுகளின் கடன் பாக்கியில், கடனில் உள்ள வீடு நான்கு வரை 2 சதவீதம், ஐந்து ஆறுக்கு 4, ஏழிலிருந்து 6. பத்து வீட்டோடு நிறுத்திவிடுவார்கள். எல்எல்சி (சொந்தமாகப் பதிவு செய்யும் நிறுவனம்) பெயரில் வாங்கலாமா என்று கேட்காதீர்கள், இந்த லோனில் முடியாது.

டெக்சஸ் தம்பி:
அக்கா, நான் முதல் வீட்டிலேயே நிற்கிறேன், நீங்கள் பத்தாவது வரை போய்விட்டீர்கள். சும்மா அண்ணே, நீங்கள் சொன்னதையேதான் அப்பாவும் மறுநாள் கேட்டார்: "அப்ப நீயே அங்க போய் இரேன்." பணம் என் கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஃபிரிஸ்கோ பக்கம் டூப்ளெக்ஸ், இரண்டு யூனிட் வீடு, யார் கண்ணிலாவது பட்டதா?