அரை கிரவுண்ட் முழுக்கப் புதர்: ஐப்பசி மழைக்குள் என்ன செய்யலாம்?

கேள்வி
மேடவாக்கம் பக்கம் பழைய தனி வீடு வாங்கியிருக்கோம். பின்பக்கம் 1,200 சதுர அடி, ரொம்ப நாளா பூட்டிக் கிடந்த இடம். இடுப்பளவு பார்த்தீனியம், மதிலோரம் சீமைக்கருவேலம் நாலஞ்சு, மத்த இடமெல்லாம் கோரையும் அருகம்புல்லும். ஜேசிபி விட்டுச் சுரண்டி, மேலே ரெண்டு லோடு செம்மண் கொட்டிடலாம்னு மேஸ்திரி சொல்றார். சரியா வருமா? இல்ல, களைக்கொல்லி அடிக்கணுமா? கிணறும் செப்டிக் டேங்கும் அங்கேதான்.

பதில் 1
ஜேசிபி வேண்டாங்க. கண்ணுக்குப் பெருசா தெரியறது பார்த்தீனியம், ஆனா உங்களைப் படுத்தப்போறது கோரை. மண்ணுக்குள்ள மெல்லிய வேரில் வரிசையா கருப்புக் கிழங்கு கோத்திருக்கும். பெரும்பாலும் மேல் அரை அடியில், சிலது ஒரு அடி வரை. ஜேசிபி வாளி இழுக்கிறப்போ அந்த வேர் அறுந்தா, அதுவரை தூங்கிட்டிருந்த கிழங்கும் தனித்தனியா முளைக்கும். மேலே மண்ணு கொட்டினாலும் துளைச்சிட்டு வரும். செம்மண் லோடிலேயே கிழங்கு வர்றதும் உண்டு. இறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு கை அள்ளி உதிர்த்துப் பாருங்க.

முதல்ல பார்த்தீனியம். முந்தின சாயங்காலம் தண்ணி விட்டு, காலையில வேரோட பிடுங்குங்க. அடித்தண்டை விட்டுட்டு அறுத்தா திரும்பத் துளிர்க்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க் கட்டாயம். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். வெள்ளைப் பூ வந்த செடியை உதறாம சாக்கில் போட்டுக் கட்டிடுங்க, ஒரே செடி பத்தாயிரத்துக்கு மேல விதை போடும். பூக்காததை உரக்குழியில் போடலாம்.

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டமா வெட்டுறது வீண்வேலை. துளிர்க்கிற மொட்டு தண்டும் வேரும் சேர்ற இடத்தில் இருக்கு. சுத்தி ஒரு அடி தோண்டி, அதுக்குக் கீழே வெட்டி எடுங்க. மிச்ச வேர் மண்ணிலேயே மக்கிடும்.

கிணத்தடியில் களைக்கொல்லி வேண்டாம். உப்பு கொட்டச் சொல்ற யோசனையும் வேண்டாம். மண்ணும் இறுகும், கிணத்துத் தண்ணியும் கெடும்.

பதில் 2
கோரைக்கு மட்டும் சேர்த்துச் சொல்றேன். அட்டை விரிச்சு மூடினாலும் கருப்பு ஷீட் போட்டாலும் அதோட ஊசி முனை குத்திட்டு வந்துடும். கண்ணாடி மாதிரி தெளிவான பாலிதீன்னா வெளிச்சம் பட்டதும் இலை உள்ளேயே விரிஞ்சு வெந்துபோகும். ஆனா அது சித்திரை, வைகாசி வெயிலுக்கான வேலை: மண்ணை நனைச்சு, ஷீட்டை இறுக்கி விரிச்சு, நாலு ஓரமும் மண்ணில் புதைச்சு 4 முதல் 6 வாரம். அப்பவும் ஆழத்துக் கிழங்கு கொஞ்சம் தப்பிக்கும். ஆவணியில் ஷீட்டுக்குச் செலவு பண்ணாதீங்க.

இப்போதைக்குக் கொத்திக் கிழங்கைப் பொறுக்குங்க. கோரைக்கு நிழல் ஆகாது. அதனால முதல் நல்ல மழைக்குச் சணப்பையோ தக்கைப்பூண்டோ (ரெண்டும் பசுந்தாள் உரச் செடி) விதையை நெருக்கமா தெளிங்க, ஒரு சென்ட்டுக்கு 200 முதல் 300 கிராம். பூ எடுக்குற சமயம், சுமார் 45 நாள்ல, மடக்கி மண்ணுக்குள்ள விட்டா உரமும் ஆச்சு. நடுவுல எட்டிப்பார்க்கிற கோரையை 2, 3 வாரத்துக்கு ஒருதரம் பிடுங்கிட்டே இருந்தா, புதுக் கிழங்கு வைக்க அதுக்குத் தெம்பு இருக்காது.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். அருகம்புல்லை அப்படியே புல்தரையா விட்டுடலாமா? மெஷின் வெச்சு வெட்டினா போதுமா?

பதில் 3
நடைபாதை ஓரம் விடலாம், பாத்திக்குள்ள கூடாது. அதோட ஒவ்வொரு கணுவும் வேர் விடும், அதனால வெட்டின துண்டைப் பாத்தியில் மூடாக்கா போட்டுடாதீங்க. தார்ச்சாலையிலோ மொட்டை மாடியிலோ சருகாகுற வரை காயவெச்சுட்டு உரக்குழிக்கு அனுப்புங்க.

புதருக்குள்ள கை விடுறதுக்கு முன்னாடி நீளக் கம்பால தட்டுங்க. மதிலோரச் செங்கல் குவியல், காய்ஞ்ச மட்டைக்கு அடியில் கண்ணாடி விரியன் இருக்கலாம். முழங்கால் வரை கம்பூட்ஸ் போடுங்க, சாதா செருப்பைக் கருவேல முள்ளு துளைச்சிடும். செப்டிக் டேங்க் மூடி எங்கேன்னு கண்டுபிடிச்சுக் கயிறு கட்டின பிறகுதான் ஆளை இறக்கணும். பழைய ஸ்லாப் ஆள் பாரம் தாங்காது.

புல் வெட்டுற மெஷின்ல பிளேடுக்குப் பதிலா நைலான் கயிறு போதும். பிளேடு கல்லுல பட்டா சிதறி ஜன்னல் கண்ணாடி போயிடும். வெட்டின முள்ளை எரிக்காதீங்க. சென்னை மாநகராட்சியோட உதவி எண் 1913-க்கு அடிச்சா உங்க இடம் மாநகராட்சி எல்லைக்குள்ள வருதான்னும் எப்போ அள்ளுவாங்கன்னும் சொல்லுவாங்க. இல்லேன்னா ஊராட்சி அலுவலகத்துல கேளுங்க.