பாக்கெட்டுக்குள் ஓடும் கோலிக்குண்டு

என் பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்குக் கை சும்மா இருக்காது. பேனா மூடியைக் கடிப்பான், சட்டைக் காலரைச் சப்புவான், பேனாவை டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பான். அந்தச் சத்தத்தில் பாடமே நடத்த முடியவில்லை என்று வகுப்பாசிரியர் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கையைக் கட்டி உட்காரவைத்தால் அவன் காதும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. வீட்டில் தினமும் பார்க்கிறேன். கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் அவனால் கவனிக்க முடிகிறது. கடையில் வாங்கிக் கொடுத்த சாமான்கள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இருவரும் பழைய சாமான் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தோம். எட்டு மாதம் ஆகிறது.

முதலில் செய்தது ஸ்பின்னர், விரலில் பிடித்துச் சுற்றிவிடும் பொம்மை. 2017-ல் எல்லாப் பிள்ளைகள் கையிலும் சுற்றியதே, அதுதான். பக்கத்து வீட்டில் பிய்ந்துபோன ஸ்கேட்டிங் ஷூ ஒரு ஜோடி கிடந்தது. ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங் வீதம் எட்டுச் சக்கரத்தில் பதினாறு கிடைத்தன. எல்லாம் 608 என்கிற அளவு: வெளிவிட்டம் 22 மி.மீ., நடுத்துளை 8 மி.மீ. கிரீஸ் இருந்தவரை மந்தமாகச் சுற்றியது. சைக்கிள் கடையில் கொடுத்துக் கழுவி வாங்கியதும் விர்ரென்று ஓடியது. நடுவில் ஒரு தண்ணீர் பாட்டில் மூடி, அதற்குள் பேரிங், சுற்றிலும் மூன்று மூடிகள். பேரிங் லொடலொடவென்று ஆடியது. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. மூடிகளைப் பசை போட்டு ஒட்டினோம். அன்று சாயங்காலமே உதிர்ந்துவிட்டன. மூன்று டியூப் பசை வீணான பிறகுதான் தெரிந்தது, அந்த மூடி பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. துளை போட்டுக் கட்டுக்கம்பியால் கட்டினோம். நின்றது.

பள்ளிக்குக் கொண்டுபோன முதல் நாளே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவனே வந்து ஒன்று சொன்னான்: "அம்மா, அது சுத்துறப்ப நானும் அதையேதான் பாத்துட்டு இருந்தேன்." எனக்கு அங்கேதான் விஷயம் பிடிபட்டது. கைக்கு வேலை வேண்டும், கண்ணுக்கு வேலை வரக்கூடாது, சத்தமும் கூடாது. அதற்கப்புறம் எதைச் செய்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சோதித்தோம். போல்ட்டில் நட்டைத் திருகிக்கொண்டே இருக்கும் முயற்சி சத்தத்திலேயே அடிபட்டது. கீழே விழுந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும், கையில் இரும்பு வாடை வேறு.

எங்கள் ஊர் திருப்பூர். பனியன் கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவில் பாதை மாதிரித் தையல் ஓட்டி, உள்ளே ஒரு கோலிக்குண்டைப் போட்டு மூடிவிட்டால் விரலாலேயே அதைத் தள்ளிக்கொண்டு போகலாம். கேட்க எளிது. முதல் பையில் குண்டு நகரவே இல்லை. எங்கள் குண்டு 16 மி.மீ. விட்டம், பாதையை 20 மி.மீ. அகலம் விட்டிருந்தேன், போதும் என்றுதான் நினைத்தேன். பையன்தான் நூலைக் குண்டின்மேல் சுற்றி அளந்தான். சுற்றளவு 50 மி.மீ. வந்தது. மேலே பாதி துணி, கீழே பாதி துணி, அப்படியென்றால் பாதை 25 மி.மீ.க்குக் குறையவே கூடாது. 30 வைத்துத் தைத்தோம். வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்று அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பனியன் துணி இழுபடுவதால் இரண்டு வாரத்தில் தையல் விட்டுக் குண்டு பக்கத்துப் பாதைக்குத் தாவியது. இப்போது அடிப்பக்கம் பழைய ஜீன்ஸ், மேல்பக்கம் மட்டும் பனியன். ஐந்தாவது பை இது. கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் அடங்கும். பாடம் நடக்கும்போது உள்ளே கைவிட்டு உருட்டிக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது.

சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்தே வடிவியல் சொல்லிக்கொடுத்த அரவிந்த் குப்தாவின் வீடியோக்களை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்ப்போம். உடைத்துப் பார்க்கப் பயப்படாத குணம் அவனுக்கு அங்கிருந்து வந்ததுதான்.

நீங்கள் யாராவது இப்படிச் செய்திருந்தால் எழுதுங்கள்.

* * *

கோவையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். செத்துப்போன கீபோர்டுகள் மாதம் பத்தாவது வரும். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பெரும்பாலானவற்றில் ரப்பர் ஷீட் ஒன்று இருக்கும், கீ ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் குமிழ். சோப்புத் தண்ணீரில் கழுவி, மூன்று குமிழுக்கு மூன்று குமிழாக வெட்டி, பழைய மவுஸ்பேட் துண்டின்மேல் ஓரம் தைத்து என் அக்கா மகளுக்குக் கொடுத்தேன். பரீட்சைக்குப் படிக்கும்போது நகம் கடிப்பாள். இப்போது இடது கை அந்தக் குமிழ்களில் இருக்கிறது. பேனா மாதிரி டக்கென்று கேட்காது, மெத்தென்று அமுங்கி எழும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சர்க்யூட் போர்டு பளபளப்பாக அழகாக இருக்கிறது என்று பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், பழைய போர்டுகளின் பற்றவைப்பில் ஈயம் இருக்கும். பட்டன் பேட்டரி அதைவிட மோசம். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். எதைக் கழற்றினாலும் முதலில் அதை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

* * *

சிறப்புப் பள்ளியில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். திருப்பூர் அம்மா எழுதியதைப் படித்து மனசு நிறைந்தது. பாட்டில் மூடி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பொருள் தொண்டையில் சிக்கக்கூடியது என்று அர்த்தம். சாதாரணத் தண்ணீர் பாட்டில் மூடி அதற்குள் போய்விடும். வீட்டில் சின்னது இருந்தால் கவனம். வாயில் போட்டுப் பார்க்கும் பெரிய பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.

நான் பலூனுக்குள் அரிசி மாவு அடைத்துக் கொடுத்தேன். மூன்றாவது நாள் வெடித்தது. மாவு போனால் போகட்டும், கிழிந்த பலூன் துண்டு ஒரு பையன் வாயோரம் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்றோடு பலூனை நிறுத்திவிட்டேன். இப்போது பழைய சாக்ஸுக்குள் சாக்ஸ், அதற்குள் புளியங்கொட்டை, இரண்டு வரிசைத் தையல்.

இன்னொன்று. எங்களிடம் ஒரு பெண் குழந்தை, வழுவழுப்பான எதையும் தொடமாட்டாள். பத்து வகை செய்து கொடுத்தேன், அத்தனையும் தரைக்குப் போனது. ஒருநாள் கிழிந்த புத்தகப்பையின் ஜிப்பை அரைமணி நேரம் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் பையிலிருந்த மூன்று ஜிப்பையும் பிரித்துச் சாக்குத் துணியில் தைத்துக் கொடுத்தேன். அதை மட்டும் இன்றுவரை விடவில்லை. செய்வதற்கு முன்னால் அந்தக் குழந்தையின் கை தானாக எங்கே போகிறது என்று நாலு நாள் பார்த்துவிடுங்கள்.

அந்தக் கோலிக்குண்டு தையலைப் பிரித்துக்கொண்டு வெளியே வராதா?

* * *

டீச்சர், ஓரத்தில் மட்டும் மூன்று தையல் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை துவைக்கும்போது ஒவ்வொரு பாதையையும் இழுத்துப் பார்த்துவிடுவேன். இவன் வாயில் போடும் வயதைத் தாண்டிவிட்டான், சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கமாட்டேன்.

அடுத்து நாற்காலியின் முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே சைக்கிள் டியூபைக் கட்டி, பாதத்தால் அழுத்துகிற மாதிரி செய்துகொண்டிருக்கிறோம். டியூபுக்குள் இருக்கிற வெள்ளைப் பவுடரைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவ வேண்டியிருந்தது. முட்டி உயரத்தில் கட்டினால் கால் மரத்துப்போகிறது என்றான், கணுக்கால் உயரத்துக்கு இறக்கினோம்.

போன வாரம் பக்கத்துப் பெஞ்சுப் பையனுக்கும் ஒரு கோலிப் பை கேட்டான். தையல் மிஷினில் அவனே உட்கார்ந்து தைத்தான். நண்பனுக்கு விரல் தடிமனாம், பாதையை 34 மி.மீ. வைத்திருக்கிறான்.