ழுலியேத் கிரேக்கோ: மேடையில் பார்த்தவர்களும் திரையில் பார்த்தவர்களும்

நான் பாரிஸில் படித்துக்கொண்டிருந்தபோது, எண்பது வயதைக் கடந்திருந்த பிரெஞ்சுப் பாடகியும் நடிகையுமான ழுலியேத் கிரேக்கோவின் நிகழ்ச்சி ஒன்றை நேரில் காணும் வாய்ப்புக் கிடைத்தது. மேடையில் ஒரு பியானோவும் ஓர் அக்கார்டியனும் மட்டுமே இருந்தன. பியானோவில் அமர்ந்திருந்தவர் அவருடைய கணவர் ழெரார் ழுவனெஸ்த். முன்பு புகழ்பெற்ற பாடகர் ழாக் பிரெலுக்குப் பியானோ வாசித்தவர், பிரெலின் பல பாடல்களுக்கு இசையமைப்பில் பங்காற்றியவர். கழுத்து முதல் தரை வரை கறுப்பு உடையில் வந்து நின்ற கிரேக்கோ, ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் அதை எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் பாடத் தொடங்கினார். ஒலிவாங்கியை விட்டு அவர் நகரவேயில்லை. முகமும் இரு கைகளும் மட்டுமே அசைந்தன. அரங்கம் முழுவதும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

குரல் அப்போது தளர்ந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சில இடங்களில் அவர் பாடவில்லை, பேசினார். ஆனால் என்னை விட்டுப் போகாதே என்று பிரெல் மன்றாடிப் பாடிய புகழ்பெற்ற பாடலைக் கிரேக்கோ கடுஞ்சினத்தோடு, ஏறக்குறைய ஆணையிடுவதுபோலப் பாடியபோது, ஒரு சொல்லும் மாறாமலேயே பாடலின் பாத்திரம் முற்றிலும் வேறொருவராகிவிட்டதை உணர்ந்தேன். அவர் பாடகி என்பதைவிட, மூன்று நிமிட நாடகங்களில் நடித்த நடிகை என்பதே பொருந்தும் என்று அன்று முதல் எண்ணி வருகிறேன்.

அவர் வந்த வழியும் அதற்கு இசைவாகவே இருக்கிறது. 1927இல் மோன்பெலியே நகரில் பிறந்தவர். தாயார் நாஜி ஆக்கிரமிப்புக்கு எதிரான எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டிருந்ததால், 1943இல் தாயும் அக்காளும் கிரேக்கோவும் கைதானார்கள். தாயும் அக்காளும் ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, போர் முடிந்த பின்னரே உயிரோடு திரும்பினர். வயது குறைவு என்பதால் ஃப்ரேன் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட கிரேக்கோ, கையில் காசில்லாமல் பாரிஸில் தனியாக நின்றார். அவருடைய முன்னாள் ஆசிரியையும் நடிகையுமான எலேன் துயுக் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார். மாற்றுடை இல்லாததால் நண்பர்கள் தந்த ஆண்களின் உடைகளை மடித்துவிட்டு அணிந்துகொண்டார். பாரிஸின் சேன் ழெர்மேன் பகுதி இளம்பெண்கள் அதையே நாகரிகமாகக் கொண்டார்கள். 1947இல் தொஃபீன் தெருவில் திறக்கப்பட்ட 'தபூ' என்ற நிலவறை விடுதியின் முகமாக அவர் அறியப்பட்டபோது, அவர் இன்னும் பாடகியே இல்லை. பாடச் சொல்லித் தூண்டியவர்களில் தத்துவவாதி ழான்-போல் சார்த்ருவும் ஒருவர். 1949இல் 'பெஃப் சுயுர் லெ துவா' என்ற கபரேயில் (பாட்டும் ஆட்டமும் நடக்கும் இரவு விடுதியில்) அவர் முதன்முதலாகப் பாடியபோது, எழுத்தாளர் ரெமோன் கெனோவும் சார்த்ருவும் எழுதிய வரிகள் ழோசெஃப் கோஸ்மாவின் இசையில் அவருக்குக் கிடைத்திருந்தன. அறிமுகப் பாடகிக்கு இப்படியொரு தொடக்கம் வேறெங்கும் வாய்த்ததாக நான் படித்ததில்லை.

* * *

மேடையைப் பற்றி நண்பர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். நான் அவரைத் திரையில் மட்டுமே பார்த்தவன். பாரிஸின் லத்தீன் குடியிருப்புப் பகுதியிலுள்ள சிறிய திரையரங்குகளில் பழைய படங்களைத் தேடிப் பார்த்துவந்த நாட்களில், ழான் கொக்தோ 1950இல் வெளியிட்ட 'ஓர்ஃபே'யில் அவர் சிறு வேடத்தில் வருவதைக் கண்டேன். பின்னர் ழான்-பியேர் மெல்வில் 1953இல் இயக்கிய படமொன்றில், பெற்றோர் இறந்த பிறகு தங்கைக்காகக் கன்னிமடத்தை விட்டு வெளியேறும் பெண்ணாக அவர் நடித்ததையும் பார்த்தேன். படம் சுமாரானதுதான், ஆனால் சொல்லாமல் அடக்கிவைக்கும் அந்த முகத்தின் இறுக்கத்தை மெல்வில் புரிந்துகொண்டிருந்தார்.

அமெரிக்கத் தயாரிப்பாளர் டாரில் ஸானக் அவரை உலக நட்சத்திரமாக்க முயன்ற ஆண்டுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 1957 முதல் 1961 வரை அவர் அந்தத் தயாரிப்புகளில் அடுத்தடுத்து நடித்தார். அவற்றில் ஜான் ஹூஸ்டன் இயக்கிய ஆப்பிரிக்கப் படம், கடும் வெப்பத்திலும் நோயிலும் படப்பிடிப்புக் குழுவே சுருண்டு விழுந்ததற்காகத்தான் இன்று அதிகம் பேசப்படுகிறது. ஆர்சன் வெல்ஸுடன் இரட்டை வேடத்தில் நடித்த 1960ஆம் ஆண்டுப் படம் ஓரளவு தேறும். மொத்தத்தில், கபரேயின் இருளில் இரண்டு கைகளால் அவர் செய்துகாட்டியதை அந்தப் பெரிய திரைகள் எங்கும் கேட்டு வாங்கவில்லை என்பதே என் கருத்து.

* * *

முந்தைய பதிவின் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. 1965ஐ விட்டுவிட்டு அவருடைய நடிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான முதிய அம்மையாரிடம் கிரேக்கோவின் பெயரைச் சொன்னபோது, அவர் பாடல்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. 'பெல்ஃபெகோர்' என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இரவு நேரத்தில் உலவும் முகமூடி உருவத்தைப் பற்றி, கிரேக்கோ நடித்து 1965இல் வந்த தொலைக்காட்சித் தொடர் அது. பிரான்சில் இரண்டே அலைவரிசைகள் இருந்த காலம். சிறுமியாக இருந்த அம்மையார், அதற்குப் பிறகு பல வாரங்கள் நடைக்கூடத்தில் விளக்கில்லாமல் போக மறுத்தாராம். முகமூடியணிந்து நடந்தவர் உண்மையில் இசாக் அல்வாரெஸ் என்ற ஊமைநாடகக் கலைஞர் என்று நான் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவேயில்லை. கபரேயின் பக்கமே வராத குடும்பங்களின் வரவேற்பறைக்குள் கிரேக்கோ நுழைந்தது அந்தத் தொடரால்தான். 2001இல் அதே கதை திரைப்படமானபோது, ஒரு சிறு காட்சிக்கு அவரையே அழைத்தார்கள்.

* * *

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு, முதல் பதிவை எழுதியவன் என்ற முறையில் இங்கேயே பதில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளை வெறுக்கிறேன் என்று பாடும் 1951ஆம் ஆண்டுப் பாடலை முதலில் கேளுங்கள். அதன் வரிகளை எழுதியவர் அப்போது பெயர் பெறாத இளைஞரான ஷார்ல் அஸ்னவூர். பிறகு, செர்ழ் கேன்ஸ்பூர் அவருக்காக எழுதிய 'லா ழவனேஸ்'. ஒலிப்பதிவோடு நிறுத்திவிடாமல், தொலைக்காட்சிப் பதிவுகள் கிடைத்தால் அவற்றையும் பாருங்கள். கைகளைக் காணாமல் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். 1981இல் சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியிலிருந்த சிலிக்குப் பாட அழைக்கப்பட்டபோது, படை அதிகாரிகள் நிறைந்த அரங்கில், அந்த ஆட்சி தடைசெய்திருந்த பாடல்களையே அவர் பாடினார். கைதட்டலோடு வரவேற்கப்பட்டு, பேரமைதிக்கு நடுவே மேடையை விட்டு இறங்கியதைத் தம் வாழ்வின் பெருவெற்றியாகவே பின்னாளில் குறிப்பிட்டார். 2015இல் விடைபெறும் பயணத்தைத் தொடங்கியவரை, மறு ஆண்டு வந்த பக்கவாதம் நிறுத்திவிட்டது. 2020 செப்டம்பரில் தென்பிரான்சின் ரமத்துயுயேலில் காலமானார். விடைபெறும் பயணத்தில் அவரைக் கேட்டவர்கள் இங்கே இருந்தால், எந்தப் பாடலோடு முடித்தார் என்பதை எழுதுங்கள்.