ஓக்லாந்தை விட்டுப் போன ஏஸ் (அத்லெட்டிக்ஸ்) பேஸ்பால் டீமை இன்னும் ஃபாலோ பண்றவங்க யாராவது இருக்கீங்களா?

பச்சைத்தொப்பி:

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நான் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியா வந்த புதுசுல பேஸ்பால்னா ஒண்ணும் தெரியாது. 2010 மே 9, ஞாயித்துக்கிழமை, மதர்ஸ் டே, ஆபீஸ்ல ஒருத்தர் டிக்கெட் மிச்சம் இருக்கு வான்னு ஓக்லாந்து கொலிசியத்துக்கு இழுத்துட்டுப் போனார். பார்ட் ட்ரெயின்ல இறங்கி அந்த நீளமான பாலத்து மேல நடந்து போனா ஸ்டேடியத்துல பாதி சீட் காலி. டாம்பா பே ரேஸோட மேட்ச். பக்கத்து சீட்ல ஒரு வயசான அம்மா, மடியில ஸ்கோர் நோட்டு, கையில பென்சில். பேட்டர் மூணு ஸ்ட்ரைக் வாங்கி ஸ்ட்ரைக் அவுட் ஆனா கே எழுத்து போடணும், பேட்டை வீசாம நின்னு பார்த்துக்கிட்டே அவுட் ஆனா அதே கே எழுத்தை திருப்பிப் போடணும்னு எனக்கு சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்தாங்க.

ஆறாவது இன்னிங்ஸ் தாண்டினதும் அவங்க திடீர்னு பேச்சை நிறுத்திட்டாங்க. டகவுட்லயும், அதாவது பிளேயர்ங்க உட்கார்ற இடத்துலயும், பால் போடுற பிட்ச்சர் பக்கத்துல யாரும் உட்காரல. நான் அதிமேதாவி மாதிரி "இன்னும் ஒரு ஹிட்டு கூட போகலையே"ன்னு வாயை விட்டுட்டேன். அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே, சாமி கும்பிடுற இடத்துல செருப்போட நுழைஞ்சவனைப் பார்க்குற மாதிரி. அதை வாயால சொன்னா தரித்திரம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நல்ல வேளை ஒண்ணும் ஆகல. டல்லாஸ் பிரேடன் 27 பேரையும் வரிசையா அவுட் பண்ணி 4-0ன்னு ஜெயிச்சு, அம்மா இல்லாம தன்னை வளர்த்த பாட்டியை கிரவுண்டுலயே கட்டிப்பிடிச்சு அழுதான். எதிர் டீம்ல ஒருத்தர் கூட பேஸுக்கே வராம முடிஞ்சா அது பர்ஃபெக்ட் கேம், பெரிய லீக்கான மேஜர் லீக் வரலாறு முழுக்க சேர்த்து அது 19ஆவது. நான் வாழ்க்கையில பார்த்த முதல் கேமே அதுதான், அதோட அருமை எனக்குப் புரிய ரெண்டு வருஷம் ஆச்சு.

அதுலேருந்து பைத்தியம். ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரைக்கும் 162 கேம், அனேகமா தினமும் உண்டு. பாத்திரம் கழுவும்போது கேம் ஓடிக்கிட்டே இருக்கும், நான் உன்னிப்பா கேக்குறேனான்னா இல்ல, ஆனா அது ஓடலைன்னா வீடு வெறிச்சுன்னு இருக்கும். இப்போ டீம் 2024ஓட ஓக்லாந்தை விட்டுட்டு சாக்ரமெண்டோவுல ஒண்டுக்குடித்தனம், 2028ல லாஸ் வேகஸ்னு சொல்றாங்க. இனி பார்க்கவே மாட்டேன்னு முடிவு பண்ணி ஆப்பையும் டெலீட் பண்ணிட்டேன். 2025 ஜூலை 25 அன்னிக்கு ஃப்ரெண்ட் ஒருத்தன் மெசேஜ் போடுறான், நம்ம டீம் பேட்டர் நிக் கர்ட்ஸ் ஹூஸ்டன்ல ஒரே கேம்ல 4 ஹோம் ரன் (நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), 6க்கு 6 ஹிட்டுன்னு. பார்க்கிங் லாட்ல நின்னு வீடியோ பார்த்து குதிச்சுட்டேன். குதிச்சு முடிச்சப்புறம்தான் ஞாபகம் வருது, நான் இந்த டீம் மேல கோவமா இருக்கேன்ல.

கேள்வி இதுதான். நீங்கல்லாம் என்ன பண்றீங்க? பார்க்குறீங்களா, விட்டுட்டீங்களா, வேற டீம் மாறிட்டீங்களா?

சும்மா_பாக்குறவன்:

சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பாருங்க ப்ரோ. அதே பார்ட்ல ஏறி தண்ணிக்கு அந்தப்பக்கம் இறங்கினா சூப்பரான ஸ்டேடியம். 2010, 2012, 2014 மூணு கப்பு. எதுக்கு இவ்ளோ ஃபீலிங்.

வலதுமூலை:

ஜயன்ட்ஸா? ஏன் சார் எரியுற நெருப்புல எண்ணெய ஊத்துறீங்க. கதை தெரியுமா உங்களுக்கு? 90கள் ஆரம்பத்துல ஜயன்ட்ஸ் ஊரை விட்டே போகுற நிலைமை, அப்போ சான் ஹோசே பக்கம் போகணும் பிரதேச உரிமை குடுங்கன்னு கேட்டாங்க, ஏஸோட அப்போதைய ஓனர் பத்து பைசா வாங்காம குடுத்தார். அவங்க அங்க போகவும் இல்ல, உரிமையைத் திருப்பித் தரவும் இல்ல. பின்னாடி ஏஸ் சான் ஹோசே போறோம்னு கேட்டப்போ அது எங்க ஏரியான்னு குறுக்க நின்னது அதே ஜயன்ட்ஸ்தான். ஊர்க்காரங்க கோர்ட்டுக்குப் போய் 2015ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் பார்த்தாங்க, எடுத்துக்கவே மாட்டோம்னுட்டாங்க. அந்த டீமுக்கு நான் கை தட்டணுமா?

பச்சைத்தொப்பி, உங்க கோவத்தை விடாதீங்க. நான் 2023 ஜூன் 13 அங்க இருந்தேன். ஓனர் டீமை வேணும்னே குட்டிச்சுவராக்கி, நல்ல பிளேயர் எல்லாரையும் வித்துட்டு, பாருங்க யாரும் ஸ்டேடியத்துக்கு வர மாட்டேங்குறாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தப்போ, சரி வர்றோம்டான்னு ரசிகர்களே ஒரு நாள் குறிச்சு ஸ்டேடியத்தை ரொப்பினோம். 27,759 பேர். எல்லாரும் பச்சை டி-ஷர்ட், நெஞ்சுல "செல்"னு, அதாவது டீமை வித்துட்டுப் போடான்னு. அஞ்சாவது இன்னிங்ஸ் ஆரம்பிச்சதும் முதல் பேட்டர் முடியுற வரைக்கும் அத்தனை கூட்டமும் கப்சிப், பால் கேட்சர் கிளவ்ல போய் விழுற சத்தம் எனக்கு மேல் வரிசையில கேட்டுச்சு, அப்புறம் ஒரே நேரத்துல டீமை வித்துடுன்னு ஒரு கத்து பாருங்க, இன்னிக்கு நினைச்சாலும் புல்லரிக்குது. அன்னிக்கு ரேஸை 2-1ன்னு ஜெயிச்சோம், தொடர்ந்து ஏழாவது வெற்றி. அந்த வருஷம் மொத்தம் 112 தோல்வி, அந்த டீம் அந்த வாரம் மட்டும் ஏழு ஜெயிச்சுது.

கொடுமை என்னன்னா அதே நாள் நெவாடா செனட்ல வேகஸ் ஸ்டேடியத்துக்கு 380 மில்லியன் டாலர் வரைக்கும் அரசு பணம் குடுக்குற மசோதாவ பாஸ் பண்ணிட்டாங்க. நாங்க இங்க கத்திக்கிட்டு இருக்கோம், அவங்க அங்க கை தூக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நான் ஒரு தொப்பி கூட வாங்கல. பாருங்க, வேணாம்னு சொல்லல, ஆனா காசு குடுக்காதீங்க.

ஸ்கோர்நோட்டு_அக்கா:

தம்பி, உங்க முதல் கேம் கதையைப் படிச்சு பொறாமையா இருக்கு. நான் இருபது வருஷத்துக்கு மேல பாக்குறேன், எதிர் டீமுக்கு ஒரு ஹிட்டு கூட குடுக்காத நோ ஹிட்டர் ஒண்ணு கூட நேர்ல பார்த்ததில்ல.

கோவம் நியாயம்தான், ஆனா ஒரு விஷயம். இந்த டீம் ஓக்லாந்துல பொறந்ததா என்ன? 1901ல பிலடெல்பியா. 1955ல கன்சாஸ் சிட்டி. அங்க 13 வருஷம் இருந்துட்டு 1968ல ஓக்லாந்து. நாம கொண்டாடுனமே, அது கன்சாஸ் சிட்டிக்காரங்க அழுதுட்டு விட்ட டீம். சட்டையில இருக்குற யானை கூட பிலடெல்பியா காலத்துது. எதிர் மேனேஜர் ஒருத்தர் இந்த டீம் ஒரு வெள்ளை யானை, காசைத் தின்னும்னு கிண்டல் பண்ணாரு, அப்படியான்னு யானையையே சின்னமா வெச்சுக்கிட்டாங்க. அந்த திமிர்தான் எனக்கு இந்த டீம்ல பிடிச்சதே. அதுக்காக ஓனர் செஞ்சது சரின்னு சொல்ல வரல.

ஆனா ஓக்லாந்துல நடந்தது ஓக்லாந்தோடதுதான், அதை யாரும் பெட்டி கட்டி வேகஸுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. 72, 73, 74 மூணு வருஷம் தொடர்ந்து உலக சாம்பியன், யாங்கீஸ் தவிர வேற எந்த டீமும் அதை செஞ்சதில்ல. 89ல நிலநடுக்கம் வந்து நின்னு போன வேர்ல்ட் சீரிஸ் ஃபைனல், பத்து நாள் கழிச்சு ஆரம்பிச்சு ஜயன்ட்ஸை 4-0ன்னு முடிச்சாங்க. 2002ல தொடர்ந்து 20 வெற்றி, அந்த இருபதாவது கேம் 11-0ன்னு முன்னாடி இருந்துட்டு 11-11 ஆக விட்டு, கடைசில ஹாட்டெபெர்க் அடிச்ச ஹோம் ரன்ல 12-11. மண்டையில அடிச்சுக்கிட்டே ஜெயிக்கிறதுன்னா நம்மாளுங்கதான்.

கடைசி கேம் 2024 செப்டம்பர் 26, ரேஞ்சர்ஸோட, நானும் போயிருந்தேன், 46,889 பேர். பழைய ஏஸ் பிளேயர்ங்க ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் மரியாதைக்கு முதல் பால் போட்டாங்க. ரிக்கி 1982ல ஒரே சீசன்ல 130 பேஸ் ஸ்டீல் பண்ண மனுஷன் (யாரும் பால் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிடுறது), ஓக்லாந்துலயே வளர்ந்த பிள்ளை, அந்த கிரவுண்டுக்கே அவர் பேருதான். 3-2ன்னு ஜெயிச்சோம். முடிஞ்சும் யாரும் எழுந்திருக்கல, கிரவுண்ட் பசங்க ஓரத்து மண்ணை டம்ளர் டம்ளரா அள்ளிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. டிசம்பர் 20, ரிக்கி இறந்து போயிட்டார். மூணு மாசம் கூட ஆகல. எனக்கு அந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியல.

நான் என்ன பண்றேன்னு கேட்டீங்க. பார்க்குறேன் தம்பி. பேய்க்கு வாக்கப்பட்டா முருங்கமரம் ஏறித்தான் ஆகணும்.

ஆத்தோரம்:

சாக்ரமெண்டோலேருந்து ஒரு குரல். எல்லாரும் எங்களை வில்லன் மாதிரி பேசுறீங்க, எங்க நிலைமையை யாரும் கேக்க மாட்டேங்குறீங்க. டீம் பேருல எங்க ஊர் கிடையாது, வெறும் "அத்லெட்டிக்ஸ்", அவ்ளோதான். சட்டையில ஒரு கையில சாக்ரமெண்டோ பாலம் படம், இன்னொரு கையில லாஸ் வேகஸ். வாடகை வீட்டு வாசல்ல சொந்த வீட்டு ப்ளான ஒட்டி வெச்ச மாதிரி.

ஆனா கேம் பார்க்க செம்மயா இருக்கு, பொய் சொல்லல. மைனர் லீக் டீம் ரிவர் கேட்ஸோட ஸ்டேடியம், 14,000 பேர் சுமார்தான் பிடிக்கும். கிளப்ஹவுஸ் லெஃப்ட் ஃபீல்டு வேலிக்குப் பின்னாடி, அதனால பிளேயர்ங்க டகவுட்டுக்கு வர கிரவுண்டைத் தாண்டித்தான் நடந்து வரணும், மேஜர் லீக்ல இதெல்லாம் எங்கயும் பார்க்க முடியாது. ஜூலை வெயில்ல பகல் கேம் மட்டும் வந்துடாதீங்க, அலுமினியம் பெஞ்சுல தோசை ஊத்தலாம்.

அப்புறம் டீம் நல்லா ஆடுதுங்க. 2025ல 76 வெற்றி, 86 தோல்வி, நம்பரைப் பார்த்தா சுமார்தான், ஆனா சிறந்த புதுமுகத்துக்கான ரூக்கி ஆஃப் த இயர் கர்ட்ஸ், ரெண்டாவது இடம் ஜேக்கப் வில்சன், அவனும் நம்ம ஆள், ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்). இவனுங்க என்ன பாவம் பண்ணாங்க? ஓக்லாந்துல ஆடாததுக்கு இவனுங்களா காரணம்?

பச்சைத்தொப்பி:

@ஆத்தோரம் அதான் என் பிரச்சனையே. ஓனரைத் திட்டலாம், பசங்களைத் திட்ட முடியல.

@சும்மா_பாக்குறவன் ட்ரை பண்ணேன் ப்ரோ, நெஜமா. ஏப்ரல்ல பத்து ஜயன்ட்ஸ் கேம் பார்த்தேன். நல்லா இருந்துச்சு, ஆனா அடுத்தவன் கல்யாணத்துல சாப்பிடுற மாதிரியே இருக்கு. ஒரு சின்ன விஷயம் சொல்றேன், கொலிசியத்துல ஃபவுல் ஏரியா, அதாவது கோட்டுக்கு வெளியே இருக்குற இடம், ரொம்பப் பெருசு, ஏஸ் அங்க ஆடின வரைக்கும் மேஜர் லீக்லயே பெருசு, வேற ஸ்டேடியத்துல கூட்டத்துக்குள்ள போய் விழுற பால் அங்க மட்டும் கேட்ச் ஆகும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவங்களுக்கு சொல்றேன், ஃபவுலா போனாலும் கேட்ச் பிடிச்சா அவுட்தான். பதினாலு வருஷம் அந்தக் கணக்குலயே பழகிட்டேன், பால் மேல எழும்பும்போதே அவுட்டுன்னு கண்ணு சொல்லிடும். ஜயன்ட்ஸ் கேம்ல ஒவ்வொரு தடவையும் அவுட்டுன்னு நினைக்கிறேன், மூணாவது வரிசைல யாரோ ஒரு சின்னப் பையன் பிடிச்சுட்டு சிரிக்கிறான்.

@அக்கா அந்த மண் நானும் வாங்கினேன். ஜாம் பாட்டில்ல போட்டு ஷெல்ஃப்ல இருக்கு, வீட்ல இது என்ன குப்பைன்னு இன்னிக்கும் கேக்குறாங்க.

வெஸ்ட்_ஓக்லாந்து:

ஏன் யாரும் பாலர்ஸ் பத்தி சொல்லல? ஓக்லாந்து பாலர்ஸ், பயனியர் லீக்னு ஒரு சின்ன லீக், 2024லேருந்து ரைமண்டி பார்க்ல ஆடுறாங்க. ஏஸ் போறதைப் பார்த்துட்டு ஊர் ஆளுங்க ஆரம்பிச்ச டீம், ரசிகர்களுக்கும் பங்கு வித்தாங்க, அதனால ராவோட ராவா ஊரை மாத்துற வேலையெல்லாம் கஷ்டம். 2025ல லீக் சாம்பியன். பாஸ்கெட்பால் டீம் வாரியர்ஸ் 2019ல சான் ஃபிரான்சிஸ்கோ போயாச்சு, அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ரெய்டர்ஸ் 2020ல வேகஸ் போயாச்சு, ஏஸும் போயாச்சு, அஞ்சாறு வருஷத்துல மூணு பெரிய டீம், அப்படிப்பட்ட ஊர்ல ஒரு கப்பு வந்துச்சுன்னா சும்மாவா. ஒரு கூத்து என்னன்னா ஒன்பது இன்னிங்ஸ் டை ஆனா எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் கிடையாது, ஹோம் ரன் அடிக்கிற போட்டி வெச்சு முடிச்சுடுவாங்க, என் பசங்க டை ஆகணும்னே வேண்டிக்கிறாங்க. ஆட்டம் மேஜர் லீக் தரம் இல்லதான், ஷார்ட்ஸ்டாப் தூக்கிப் போட்டா ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க தலையைக் குனிஞ்சுக்கணும். ஆனா கொலிசியத்துல கேட்ட அதே டிரம் சத்தம் இங்க கேக்குது.

சும்மா_பாக்குறவன்:

சரி சரி, சான் ஹோசே கதை எனக்குத் தெரியாது. வாபஸ்.

ஸ்கோர்நோட்டு_அக்கா:

பாலர்ஸுக்கு நானும் போறேன், ஆனா ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேணாம்னு யார் சொன்னது? அது வாரக்கடைசில, இது பாத்திரம் கழுவும்போது. தம்பி, அந்த அம்மா சொல்லிக் குடுத்த மாதிரி ஸ்கோர் எழுதுறீங்களா இன்னும்?

பச்சைத்தொப்பி:

எழுதுறேன்கா. கர்ட்ஸோட அந்த நாலு ஹோம் ரன் கேமை ரீப்ளே போட்டு முழுசா எழுதினேன். மேல டீம் பேரு எழுதுற இடத்துல கை தானா ஓக்லாந்துன்னு எழுதிடுச்சு, அழிக்கல.

ஆத்தோரம்:

ஒரு நைட் கேமுக்கு வாங்க பாஸ், என்கிட்ட ரெண்டு சீட் இருக்கு. நோட்டும் எடுத்துட்டு வாங்க.

பச்சைத்தொப்பி:

வர்றேன். 2010ல வாங்கின பழைய தொப்பியைத்தான் போட்டுக்கிட்டு வருவேன், முன்கூட்டியே சொல்லிட்டேன்.

வலதுமூலை:

போங்க, தடுக்கல. ஆனா டிக்கெட் அவரோடதா இருக்கட்டும், பார்க்கிங்கும் அவரே கட்டட்டும், உள்ள போய் தண்ணி பாட்டில் கூட வாங்காதீங்க. அப்புறம் "செல்" டி-ஷர்ட் என்கிட்ட ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு, லார்ஜ் சைஸ், வேணும்னா சொல்லுங்க.