நேட்ரம் மியூர் குளிசை கால் வீக்கத்துக்கு உதவுமா?

உப்புவெளி மகள்:

வணக்கம். என் அம்மாவுக்கு 68 வயது. இரத்த அழுத்தத்துக்குப் பல ஆண்டுகளாகக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். அவற்றில் ஒன்று அம்லோடிபின். மற்றது ‘தண்ணீர் போகிற குளிசை’ என்று சொல்லிக் கொடுத்த ஹைட்ரோகுளோரோதயசைட். வெக்கையான கச்சான் காற்று வீசத் தொடங்கிய நாளிலிருந்து மாலையானதும் இரண்டு கணுக்கால்களும் வீங்குகின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது நிரம்பச் சற்று நேரமாகிறது.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு மாமி, அம்மாவின் மீதுள்ள அன்பினால், நேட்ரம் மியூர் 6எக்ஸ் என்ற பயோகெமிக் குளிசைப் போத்தல் ஒன்றைக் கொடுத்தார். அது உப்பிலிருந்து செய்யப்படுவதாகவும், நீர் கூடிய இடத்திலிருந்து எடுத்துக் குறைந்த இடத்துக்குக் கொடுக்கும் என்றும் விளக்கினார். நாக்கில் வைத்தால் இனிப்பாகக் கரைகிறது. உப்பைக் குறைக்கச் சொன்ன வைத்தியரின் சொல்லுக்கு இது மாறானதா? அதைவிட என்னைக் கலங்க வைப்பது, இரவில் எழும்ப வேண்டியிருக்கிறது என்று சொல்லி அம்மா தண்ணீர் போகிற குளிசையை மூன்று நாட்களாக எடுக்காமல் விட்டிருப்பதுதான். அறிந்தவர்கள் விளக்குங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளர்:

மகள், முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நிறுத்திய குளிசையைப் பற்றிக் கிளினிக் நாள் வரும் வரை காத்திராமல் நாளைக்கே வைத்தியரிடம் தெரிவியுங்கள். நீங்களாக இரட்டிப்பாகக் கொடுத்து ஈடு செய்ய வேண்டாம். அந்தக் குளிசையைக் காலையில் எடுத்தால் இரவில் எழும்பும் தொல்லை பெரும்பாலும் குறையும். நேரத்தை மாற்றலாமா என்றும் கேளுங்கள்.

இனி உப்புக் கணக்கு. 6எக்ஸ் என்றால் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஆறு முறை நீர்த்தது, அதாவது 10 இலட்சத்தில் ஒரு பங்கு. 100 மில்லிகிராம் எடையுள்ள ஒரு குளிசையில் உப்பு 0.0001 மில்லிகிராம்தான், மீதி முழுவதும் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை, இனிப்பு அதனால்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 5 கிராமை இந்தக் குளிசையிலிருந்து பெற 5 கோடி குளிசைகள் வேண்டும். ஆகவே இரத்த அழுத்தம் உள்ளவருக்கு இதிலுள்ள உப்பினால் கெடுதியில்லை; அதே காரணத்தால், உடலின் நீரை அசைக்கும் அளவும் இதில் இல்லை. ஒரு கிளாஸ் கிணற்றுத் தண்ணீரில் இதைவிடப் பல ஆயிரம் மடங்கு சோடியம் இருக்கும்.

பயோகெமிக் முறையை முன்வைத்தவர் ஜெர்மனியின் ஓல்டன்பேர்க் நகர ஹோமியோபதி வைத்தியர் சூஸ்லர் (1821–1898). உயிரணுக்களில் 12 உப்புகள் குறைவதாலேயே நோய் வருகிறது என்றும், நேட்ரம் மியூர் உயிரணுவுக்குள் நீரைக் கொண்டு செல்கிறது என்றும் அவர் எழுதினார். உயிரணுச் சவ்வில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்பை ஜென்ஸ் ஸ்கூ 1957ல்தான் கண்டறிந்தார். அதற்காக 1997ல் நோபல் பரிசும் பெற்றார். இரத்தத்தின் சோடியத்தை லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரையிலான குறுகிய எல்லைக்குள் வைத்திருப்பது சிறுநீரகமும், மூளை சுரக்கும் ஹோர்மோனும், நம் தாகமும் சேர்ந்து நாள் முழுதும் செய்யும் வேலை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015ல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஹோமியோபதி பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என்று முடிவு செய்தது.

வீக்கத்துக்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். அம்லோடிபின் எடுப்பவர்களில் சிலருக்கு அந்த மருந்தே கணுக்காலை வீங்க வைக்கும். வெக்கையில் அது கூடும். இதயம், சிறுநீரகம் ஆகியவற்றையும் பார்த்துத்தான் வைத்தியர் முடிவு சொல்ல வேண்டும்.

நிலாவெளி வாசகி:

நான் இருபது ஆண்டுகளாகப் பயோகெமிக் குளிசை எடுப்பவள். மூக்கால் நீராக வடியும் தடிமனுக்கு நேட்ரம் மியூர் எடுத்து எனக்குச் சுகம் கிடைத்திருக்கிறது என்றே நம்புகிறேன், அந்த நம்பிக்கையை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஆனால் எனக்கு இதைப் பழக்கிய வைத்தியர், வைத்தியசாலை தந்த மருந்தை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று முதல் நாளிலேயே சொன்னார். மாமியின் போத்தலை அம்மா வைத்திருக்கட்டும். அதற்காக மற்றக் குளிசையை விட வேண்டாம்.

மூதூர்த் தம்பி:

அக்கா, தயவு செய்து காத்திருக்காதீர்கள். என் அப்பா இதய நோயாளி. நீர் இறங்கும் மருந்தை விட்டுவிட்டு இத்தகைய குளிசையை மட்டும் எடுத்தார். கொடுத்தவர் மருந்துத் துண்டைக்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை. வீக்கம் முழங்கால் வரை ஏறியது, சாரத்தின் ஓரம் காலில் தடம் பதித்தது. ஐந்தாம் நாள் இரவு படுக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினார். அந்த இரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதால் தப்பினார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில், சாப்பிடும் முன் அவரது நிறையைப் பார்க்கிறோம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளர்:

தம்பி சொன்ன நிறைக் கணக்கு மிகவும் பயனுள்ளது. மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. தயசைட் வகைக் குளிசை எடுக்கும் முதியவர்கள் வெக்கை என்று அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடக்கூடும். தலைச்சுற்று, குமட்டல், நடையில் தடுமாற்றம், பேச்சில் குழப்பம் வந்தால் அது ‘வெயில் களை’ என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஜீவனிக் கரைசலை வயிற்றோட்டத்துக்குக் கொடுப்பது சரி. அதில் லீற்றருக்கு 2.6 கிராம் உப்பு இருப்பதால், கால் வீங்கியவருக்கு வைத்தியரைக் கேளாமல் தாகத்துக்காகக் கொடுக்க வேண்டாம். வீட்டுச் சாப்பாட்டில் உப்பு மிகுந்த கருவாடு எத்தனை நாள்?

உப்புவெளி மகள்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். தண்ணீர் போகிற குளிசையைக் காலை ஏழு மணிக்கு எடுக்கச் சொன்னார்கள். அம்லோடிபினை மாற்றுவதைப் பற்றி இரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு முடிவெடுப்பார்களாம். சோடியமும் அதில் பார்ப்பார்கள். மாமியின் போத்தலையும் வைத்தியரிடம் காட்டினேன். எடுத்தாலும் விட்டாலும் ஒன்று, மற்ற மருந்தை மட்டும் விட வேண்டாம் என்றார். ஐயா கேட்ட கருவாடு கிழமையில் நாலு நாள். இன்று மதியம் முருங்கைக்காய்க் குழம்பு வைத்தேன். அம்மா உப்புப் போத்தலைத் தேடினார், நான் தேசிக்காய் பிழிந்து கொடுத்தேன்.