டாக்கோட்சுபோவுக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘சுருக்குப்பை இதயம்’ என்கிறேன்

குழுமத்து நண்பர்களுக்கு வணக்கம்.

டாக்கோட்சுபோ என்பது, இதயக் குழாயில் அடைப்பு இல்லாமலே, பெரும்பாலும் உடல் அல்லது மன அதிர்ச்சிக்குப் பிறகு, இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாக உப்பிப்போகிற நோய். அதற்குத் தமிழ்ப்பெயர் தேடி மூன்று நாளாக இந்த இழையில் வந்த மடல்களை இரவுப் பணி முடிந்து வந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: இதயமுறிவு நோய், அழுத்த இதயத்தசை நோய், கணவாய்ப்பொறி இதயம், குடுவை இதயம். மதுரையில் இதய வார்டில் வேலை பார்க்கிறவள் நான். இந்த நோயை ஆண்டுக்குச் சில முறையாவது பார்க்கிறேன். ஐந்தாவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> உலகம் முழுக்க ‘உடைந்த இதயம்’ என்றுதான் சொல்கிறார்கள். கேட்டதும் மனதில் பதிகிறது. ‘இதயமுறிவு நோய்’ என்றே வைத்துவிடலாமே?

அக்கா, ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் விட்டேன் என்பதற்கு இரண்டு நோயாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் அம்மா செல்லம்பட்டிப் பக்கம். வயது 60க்கு மேல். விடிகாலையில் பட்டியைத் திறக்கப் போனவர், இரவில் தெருநாய்கள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். ஒரு சினை ஆடு இன்னும் உயிரோடு கிடந்ததாம். அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்களிடம் வந்தபோது ஈ.சி.ஜி. அப்படியே முன்சுவர் மாரடைப்பு போல இருந்தது, இதயத்தசை காயப்பட்டால் இரத்தத்தில் ஏறுகிற ட்ரோபோனினும் கூடியிருந்தது. உடனே ஆஞ்சியோ செய்தோம். மூன்று இரத்தக் குழாயும் சுத்தம். மகன் என்னைப் பார்த்துக் கேட்டார்: “அடைப்பே இல்லைன்னா அப்புறம் எப்படி டாக்டர் மாரடைப்பு?” நியாயமான கேள்வி. ‘மாரடைப்பு’ என்ற சொல் அவ்வளவு துல்லியமானது. அடைப்பு இல்லாத இடத்தில் அந்தச் சொல் நிற்காது என்பதை ஆடு மேய்க்கிற பையன் சட்டென்று பிடித்துவிட்டான்.

எக்கோவில் (இதயத்தின் ஒலியலைப் படத்தில்) பார்த்தால், இடது கீழறையின் நுனிப் பக்கம் அசையாமல் பலூன் போல உப்பிக் கிடந்தது. மேல் பக்கம் மட்டும் இறுக்கி இறுக்கிச் சுருங்கிக்கொண்டிருந்தது. ‘மனசு உடைஞ்சதால வந்தது, சரியாயிரும்’ என்று சொன்னேன். அந்தக் குடும்பத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது. ஆறு வாரம் கழித்து வந்தபோது இதயம் பழையபடி ஆகியிருந்தது.

இரண்டாவது அம்மா திருமங்கலம் பக்கம். கடுமையான இளைப்போடு சேர்ந்தவர். மூச்சு கொஞ்சம் சீரான மூன்றாம் நாள் ஈ.சி.ஜி. மாறியது. எக்கோவில் அதே வடிவம். பழக்கத்தில் நான் அதே வாக்கியத்தைச் சொன்னேன்: ‘மனசு உடைஞ்சா வர்ற நோய்’. சொல்லி முடிக்கும்போதே உறவுக்காரர்கள் எல்லாருடைய பார்வையும் வாசலில் சாப்பாட்டுத் தூக்குடன் நின்ற மருமகள் மேல் போனது. அந்தப் பெண் அப்படியே நின்றாள். மூன்று நாளாக மாமியாருக்கு இரவெல்லாம் முதுகைத் தடவிவிட்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து, மூச்சுத்திணறலே உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி, இளைப்புக்குக் கொடுக்கும் மருந்துகளும் அட்ரினலின் போல வேலை செய்பவை, வீட்டில் யாரும் எதுவும் செய்ததால் வந்ததில்லை என்று விளக்கினேன். தலையாட்டினார்கள். ஆனால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என் முதல் வாக்கியம்தான். அடுத்த முறை அந்த அம்மா வேறொரு உறவினருடன் வந்தார். மருமகள் வரவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பெயரை நான் சொல்வதில்லை. ஒரு நோயின் பெயர் யார்மீதாவது பழி போடுமென்றால், அது எவ்வளவு அழகான பெயராக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

சொந்த அனுபவத்தை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. இந்த நோய்க்கென 2015இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டில் 1,750 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு பெண்கள், சராசரி வயது 67ஐ ஒட்டி. துக்கம், பயம், கோபம் போன்ற மனக் காரணம் இருந்தது 28 விழுக்காட்டினருக்கும் குறைவு. இளைப்பு, அறுவை சிகிச்சை, தொற்று, மூளைப் பாதிப்பு போன்ற உடல் காரணம் இருந்தது 36 விழுக்காட்டினருக்கு. மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு எந்தத் தூண்டுதலும் அகப்படவில்லை. மனக் காரணம் இருந்த சிலருக்குக்கூட அது மகிழ்ச்சியான நிகழ்ச்சியாக இருந்திருக்கிறது. அப்படியானால் ‘முறிவு’ என்ற சொல் பெரும்பாலான நோயாளிகளுக்குப் பொய்.

> ‘அழுத்த இதயத்தசை நோய்’ என்றால் அறிவியல் முறைப்படி சரியாக இருக்கும்.

பேராசிரியர் ஐயா, காரணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான். 2005இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வில் இந்த நோயாளிகளின் இரத்தத்தில் அட்ரினலின் வகைச் சுரப்புகள், கடுமையான மாரடைப்பு வந்தவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தன. 2004இல் ஜப்பானின் நிகாட்டா பகுதி நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்த நோய் அங்கே திடீரென்று கூடியதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் எங்கள் வார்டில் ‘அழுத்தம்’ என்றால் பிரஷர்தான். ‘அழுத்த இதய நோய்’ என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதினால், வீட்டில் உப்பைக் குறைத்துவிட்டுப் பிரஷர் மாத்திரை எங்கே என்று கேட்பார்கள். உயர் இரத்த அழுத்தத்தால் தசை தடித்துப்போகிற இதய நோய் வேறு இருக்கிறது, அதற்கே அந்தச் சொல் தேவைப்படும்.

சரி, அப்புறம் கணவாய். தூத்துக்குடி நண்பர் ஜப்பானியப் பெயரை நேராகப் பெயர்த்திருக்கிறார். ‘டாக்கோ’ என்றால் பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ்; ‘சுபோ’ என்றால் பானை. அந்தப் பானைகளைக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்கிவிடுவார்கள். பொந்து தேடும் பேய்க்கணவாய் தானே உள்ளே போய் உட்காரும், தூக்கிவிடலாம். வாய் குறுகி, அடி உருண்ட பானை. 1990இல் ஹிரோஷிமா மருத்துவர்கள் இடது கீழறையின் படத்தைப் பார்த்தபோது அவர்கள் ஊர்க் கடற்கரையில் கிடக்கும் அந்தப் பானைதான் அவர்களுக்கு நினைவு வந்தது. அவர்கள் எந்த நூலையும் புரட்டவில்லை, கண்ணுக்குப் பழகிய ஒரு பொருளைப் பார்த்தார்கள்.

இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். நாம் அவர்கள் சொல்லைப் பெயர்க்க வேண்டியதில்லை. அவர்கள் செய்ததை நாமும் செய்ய வேண்டும். மதுரைக்காரர்களுக்குக் கணவாய் என்றால் உசிலம்பட்டி தாண்டி வரும் ஆண்டிப்பட்டிக் கணவாய். ‘உங்க அம்மாவுக்குக் கணவாய்ப்பொறி இதயம்’ என்றால் தேனி பஸ்ஸைத்தான் நினைப்பார்கள். தூத்துக்குடியில் அந்தச் சொல் உயிரோடு இருக்கலாம். வறண்ட காட்டில் அதற்கு வேர் இல்லை.

நம் கண்ணுக்குப் பழகிய, வாய் குறுகி அடி உருண்ட பொருள் எது? பல நாள் யோசித்தேன். குடுவை பொருந்தும், ஆனால் எந்தக் குடுவை என்று மனதில் படம் வருவதில்லை. செம்பு வடிவத்தில் அருமை, ஆனால் உடம்பில் செம்புச் சத்து தேங்குகிற நோய் ஒன்று இருப்பதால் குழப்பும். கலயம் எனக்குப் பிடித்திருந்தது. நுனி வட்டமாக, கழுத்து ஒடுங்கி, சரியாகவே இருந்தது. விட மனமில்லாமல்தான் விட்டேன். ஏனென்றால் பானை அசையாது. இதயம் சுருங்கி விரிகிறது. இந்த நோயில் வாய்ப் பக்கம் அளவுக்கு மீறிச் சுருங்குகிறது, அடி மட்டும் உப்பிக் கிடக்கிறது. சுருங்கும் வாய் வேண்டும்.

ஒரு நாள் வெளிநோயாளிப் பிரிவில், மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் மாத்திரைச் சீட்டை எடுக்க இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவினார். இரண்டு பக்க நூலையும் தளர்த்தி, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவில் விரல் விட்டுத் துழாவி, சீட்டை எடுத்துவிட்டு நூலை மறுபடி இழுத்தார். வாய் இறுகியது, அடி உருண்டது. எக்கோத் திரையில் நான் பார்த்த படம் அப்படியே அவர் கையில் இருந்தது. அதுவும் இந்த நோய் மிகுதியாக வருகிற அதே வயதுப் பெண்களின் இடுப்பில் இருக்கும் பொருள்.

அதனால் ‘சுருக்குப்பை இதயம்’.

வடிவம் பொருந்துவது மட்டும் காரணமில்லை. இந்தச் சொல் ஆபத்தையும் கற்றுக்கொடுக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். இவர்களில் சிலருக்கு வாய்ப் பக்கம் இறுகுவதே ஆபத்தாகிவிடும். இரத்தம் பெருந்தமனிக்குப் போகும் வழி அடைபடும், மார்பில் கேட்டால் புதிதாக ஒரு முணுமுணுப்பு ஒலி இருக்கும், இரத்த அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்துவிட்டதே என்று இளம் மருத்துவர் இதயத்தை விரட்டுகிற டோபுட்டமின் போன்ற மருந்தை ஏற்றினால், வாய் இன்னும் இறுகும், அழுத்தம் இன்னும் விழும். எங்கள் பயிற்சி மருத்துவர்களிடம் ‘நூலை மேலும் இழுக்காதே’ என்று சொன்னேன். அதற்கு முன்பு இதையே வரைபடம் போட்டு அரை மணி நேரம் விளக்குவேன். இப்போது அந்த ஒரு வாக்கியம் போதுகிறது. முதலில் எக்கோ வைத்து வாய் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மருந்தைத் தொடுகிறார்கள்.

இனி எதிர்ப்புகள். எனக்கே மூன்று தோன்றுகின்றன, மூன்றில் கடைசியானது கனமானது.

‘சுருக்கு’ என்றால் தூக்குக் கயிறும் நினைவு வரும் என்று என் கணவர் சொன்னார். தனியாக நின்றால் வரும். ‘சுருக்குப்பை’ என்று சேர்ந்துவிட்டால் எனக்கு ஆச்சியின் இடுப்புதான் வருகிறது, உங்களுக்கு எப்படி என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, எல்லாருக்கும் இந்த வடிவம் இல்லை. ஐந்தில் நான்கு பேருக்கு நுனி உப்புகிறது. மற்றவர்களில் நடுப்பகுதி உப்புகிறவர்கள் உண்டு, அரிதாக நுனி நன்றாகச் சுருங்கி மேல் பக்கம் உப்புகிற வகையும் உண்டு. ஜப்பானியப் பெயருக்கும் இதே சிக்கல் இருக்கிறது, அவர்கள் ‘தலைகீழ்’ என்று முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். நாம் ‘கவிழ்ந்த சுருக்குப்பை’ எனலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. இதயத்தின் மேல் பகுதிக்கு உடற்கூற்றியலில் உள்ள பெயரைச் சிலர் ‘அடி’ என்று பெயர்க்கிறார்கள். இதயம் உடம்பில் தலைகீழ்க் கூம்பு போல இருப்பதால் அந்த ‘அடி’ உண்மையில் மேலே இருக்கிறது. படிக்கிற மாணவன் குழம்பிப்போவான். ‘வாய்ப் பக்கம்’, ‘நுனிப் பக்கம்’ என்றே எழுதலாம், பையோடும் ஒத்துப்போகும்.

மூன்றாவது. நம் கலைச்சொல் பட்டியலில் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்கு ‘இதயப்பை’ என்றும் ‘இதய உறை’ என்றும் இரண்டு சொல் கிடக்கின்றன. காசநோயால் அந்த உறை தடித்து இறுகி இதயத்தை நெருக்குகிற நோய் நம் நாட்டில் உண்டு. அதை ஒருவர் ‘இதயப்பைச் சுருக்கம்’ என்று எழுதி, நான் இதைச் ‘சுருக்குப்பை இதயம்’ என்று எழுதினால், அவசரத்தில் படிக்கிற செவிலிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஒன்று ஆறு வாரத்தில் தானே சரியாகக்கூடியது, மற்றது அறுவை சிகிச்சை வரை போகக்கூடியது. இந்தக் குழப்பத்துக்கு இடம் தரக்கூடாது. உறைக்கு ‘இதய உறை’ என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ‘இதயப்பை’யை விட்டுவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அப்படிச் செய்ய முடியாதென்றால் என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன், கலயத்துக்குப் போய்விடலாம்.

தானே சரியாகும் என்று சொன்னேனே தவிர, இலேசான நோய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் சில நாட்களில் இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) போகிறவர்கள் உண்டு, உப்பிய நுனியில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போவதும் உண்டு, உயிரிழப்பும் உண்டு. நெஞ்சு வலி வந்தவருக்கு இது சுருக்குப்பையா மாரடைப்பா என்று வீட்டிலிருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. ஈ.சி.ஜி.யை மட்டும் வைத்து எங்களாலும் முடியாது.

பெயர் வைக்கும் முறையைப் பற்றி ஒன்று. பொன்னுக்கு வீங்கி, கக்குவான், மாலைக்கண், யானைக்கால் எல்லாம் கண்ணால் பார்த்ததையோ காதால் கேட்டதையோ வைத்து நம் மக்கள் இட்ட பெயர்கள். யானைக்கால் என்ற பெயர் நோயாளியை எவ்வளவு புண்படுத்தியது என்பதும் தெரியும், அதனால் வடிவத்தை வைத்துப் பெயரிட்டால் யாருக்கும் வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். சுருக்குப்பை யாரையும் இழிவு செய்கிற பொருளில்லை, அதில் மருமகளுக்கும் இடமில்லை.

பட்டியலில் சேர்ப்பதானால் விளக்கம் இப்படி இருக்கட்டும் என்று நினைக்கிறேன்: ‘சுருக்குப்பை இதயம்: இதயத் தமனிகளில் காரணமான அடைப்பு இல்லாமல், உடல் அல்லது மன அதிர்ச்சிக்குப் பிறகோ வெளிப்படையான காரணம் இல்லாமலோ, இடது கீழறையின் ஒரு பகுதி (பெரும்பாலும் நுனி) தற்காலிகமாகச் செயலிழந்து உப்பும் இதயத்தசை நோய்.’ ‘செயலிழந்து’ என்பது கொஞ்சம் பயமுறுத்துகிறது. ‘அசைவு குன்றி’ என்று மாற்றலாமா?

ஈழத்து நண்பர்கள் இந்தப் பைக்கு அங்கே என்ன பெயர் என்று எழுதினால் நன்றாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த மண் அது. அங்கே வேறு சொல் வழக்கில் இருந்தால் அதையும் பக்கத்திலேயே போட்டுவிடுவோம். ‘இதயப்பை’ பற்றிய முடிவை மட்டும் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். செவிலியர் வகுப்புக்கான குறிப்பை அதற்குப் பிறகுதான் அச்சுக்குக் கொடுக்க முடியும்.