அவளை என் காயங்களில் ஒன்றாக எழுதினார்கள்

மலர், சிட்னி: 2018-இல் குடிபோதையில் ஒருவர் ஓட்டிய கார் எங்கள் மீது மோதியது. எனக்குக் கர்ப்பத்தின் 31-ஆவது வாரம். வயிற்றிலிருந்த என் மகள் இறந்துபோனாள். அவளுக்கு வாங்கிய மஞ்சள் குல்லாய் இன்னும் அலமாரியில் இருக்கிறது. வழக்கில் அவளை என் உடற்காயங்களில் ஒன்றாகவே சேர்த்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் சட்டம் மாறிவிட்டதா?

கதிர்: மாறிவிட்டது அக்கா. 2021 நவம்பரில் திருத்தம் நிறைவேறியது. பிறரின் குற்றச் செயலால் குறைந்தது 20 வாரக் கரு இறந்தால் அது தனிக் குற்றம். மருத்துவரின் கருக்கலைப்புக்கு இது பொருந்தாது.

சுகந்தி: 2013-இல் கருவையே மனிதராகக் கருதும் மசோதா கீழவையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. கருக்கலைப்பு உரிமை பறிபோகும் என்று நானும் அஞ்சினேன். இந்த வடிவமே சரி.

மலர்: என் வழக்குக்கு உதவாது. இருந்தாலும் அடுத்தவளுக்காவது உதவும். நன்றி, தம்பி.